இரண்டு ‘மன்த்’ நோட்டீஸ் என்றால் எந்தத் தேதி வரை?

கேள்வி: கோவையில் மாதம் 15,500 ரூபாய் வாடகைக்கு ஒரு வீட்டில் குடியிருந்தோம். 2024 டிசம்பர் 1 முதல் 2025 அக்டோபர் 31 வரை பதினோரு மாதத்துக்கு ஆங்கிலத்தில் ஒப்பந்தம் போட்டிருந்தோம். யார் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள நினைத்தாலும் மற்றவருக்கு இரண்டு ‘மன்த்’ நோட்டீஸ் எழுத்தில் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. காலி செய்யப்போவதாக 2025 மே 18 அன்று கடிதம் கொடுத்து, நகலில் வீட்டு உரிமையாளரிடம் தேதியுடன் கையெழுத்தும் வாங்கிக்கொண்டோம். ஆடி பிறந்துவிட்டால் வீடு மாறக் கூடாது என்று மாமியார் சொன்னதால் ஜூலை 16 அன்றே சாமான்களை ஏற்றிவிட்டுச் சாவியை ஒப்படைத்தோம். ஜூன் வரை வாடகை பாக்கி இல்லை. இப்போது உரிமையாளர், ‘மன்த் என்றால் காலண்டர் மன்த். மே நடுவில் கொடுத்ததால் மே கணக்கில் வராது, ஜூனும் ஜூலையும்தான் நோட்டீஸ்’ என்று சொல்லி, ஜூலை முழு வாடகையையும் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். என் கணவரோ, மாதம் என்றால் முப்பது நாள், அறுபது நாள் ஜூலை 17-ஆம் தேதியே முடிந்துவிட்டது என்கிறார். வீட்டை விட்டே போன பிறகு எதற்கு வாடகை, பதினாறு நாளுக்குத் தந்தால் போதாதா என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

— ஒரு வாசகி, கோவை

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வாசகம் ஒப்பந்தத்தில் அப்படியே இருக்குமானால், உங்கள் நோட்டீஸ் காலம் 2025 ஜூலை 18-ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. உரிமையாளர் சொல்லும் ஜூலை 31-உம், உங்கள் கணவர் சொல்லும் ஜூலை 17-உம், நீங்கள் சொல்லும் ஜூலை 16-உம் சரியல்ல. ஜூலைக்கு 31 நாள் என்பதால் நாளொன்றுக்கு வாடகை 500 ரூபாய் ஆகிறது. நீங்கள் தர வேண்டியது 18 நாளுக்கு 9,000 ரூபாய். பிடித்துக்கொண்ட 15,500 ரூபாயில் மீதி 6,500 ரூபாயை நீங்கள் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் வேறு சில சொற்கள் சேர்ந்திருந்தால் இந்தக் கணக்கு மாறும். அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

வழக்கறிஞராக எனக்கு அன்றாடம் வரும் வேலைகளில் ஒன்று, ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தைக் கட்சிக்காரருக்குத் தமிழில் படித்துப் பொருள் சொல்வது. அரிய சட்டச் சொல் வந்தால் எல்லோரும் நிறுத்திக் கேட்பார்கள். ‘மன்த்’ என்று வந்தால் ஒருவரும் கேட்பதில்லை, ஏனென்றால் அது எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் அட்வான்ஸ் பிடித்தம், காசோலை வழக்கு, வேலையிலிருந்து விலகல் என்று பின்னால் சண்டை மூளும் இடங்களில் பெரும்பாலும் இந்தத் தெரிந்த சொல்தான் நடுவில் நிற்கிறது. ஆகவே உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அந்தச் சொல் பிறந்த இடத்திலிருந்தே தொடங்குவது நல்லது. ஆங்கிலத்தில் ‘மன்த்’ என்பதும் நிலவைக் குறிக்கும் ‘மூன்’ என்பதும் ஒரே வேரில் பிறந்த சொற்கள். தமிழிலும் திங்கள் என்றால் நிலவு, திங்கள் என்றால் மாதம். இரு மொழிக்காரர்களும் நிலவைப் பார்த்துத்தான் மாதத்தை அளந்திருக்கிறார்கள். ஆனால் நிலவு ஒரு முறை தேய்ந்து வளர ஏறக்குறைய 29½ நாள் பிடிக்கும். இன்று சுவரில் தொங்கும் காலண்டரில் ஆங்கில மாதமும் சரி, தமிழ் மாதமும் சரி, அந்தக் கணக்கில் ஓடுவதில்லை. தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போவதை வைத்து வருவதால் 29 நாள் முதல் 32 நாள் வரை நீளும். நீங்கள் வீடு மாறிய அன்று தினசரி காலண்டரில் தொங்கிய தாளை நினைத்துப் பாருங்கள்: பெரிய எழுத்தில் ஜூலை 16, அதே தாளில் சிறிய எழுத்தில் ஆனி 32. மறுநாள் தாளில் ஜூலை 17, ஆடி 1. ஒரே தாளில் இரண்டு மாதங்கள் வேறுவேறு வேகத்தில் போகின்றன. உங்கள் மாமியார் பார்த்தது சிறிய எழுத்தை. ஒப்பந்தம் பேசுவது பெரிய எழுத்தை.

இங்கிலாந்திலேயே இந்தச் சொல் நெடுங்காலம் குழப்பம் தந்துகொண்டுதான் இருந்தது. அந்நாட்டின் பழைய பொதுச் சட்டத்தில், வேறு விதமாகச் சொல்லப்படாத இடங்களில், ‘மன்த்’ என்றால் நான்கு வாரம், அதாவது 28 நாள். காலண்டரில் உள்ள ஜனவரி, பிப்ரவரிக் கணக்கு அல்ல. லண்டன் வணிகர்களின் உண்டியல்களில், அதாவது இத்தனை காலத்தில் பணம் தர வேண்டும் என்று எழுதிய சீட்டுகளில், மட்டும் காலண்டர் கணக்கு வழக்கத்தில் இருந்தது. இந்த 28 நாள் கணக்கு எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்கு, சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டோன் 1766-இல் வெளியான தம் விளக்கவுரையின் இரண்டாம் தொகுதியில் சொல்லியிருப்பது நல்ல சான்று. ‘ட்வெல்வ் மன்த்ஸ்’ என்று பன்மையில் எழுதிக் குத்தகைக்கு விட்டால் அது 48 வாரத்துக்குத்தான் செல்லும்; ‘ட்வெல்வ்மன்த்’ என்று ஒருமையில், ஒரே சொல்லாக எழுதினால் முழு ஆண்டுக்கும் செல்லும் என்கிறார். பன்னிரண்டை 28-ஆல் பெருக்கினால் 336 நாள். சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து கூடியதால் குத்தகைக்காரர் 29 நாளை இழந்துவிடுவார். இதைப் படிக்கும்போதெல்லாம், சொல்லின் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் கையெழுத்துப் போட்ட எத்தனை பேர் அந்த 29 நாளில் வீட்டையோ நிலத்தையோ விட்டு இறங்கியிருப்பார்கள் என்ற நினைப்பு எனக்கு வரும்.

‘காலண்டர் மன்த்’ என்ற தொடருக்கு அங்கே வேலை இருந்தது இதனால்தான். எழுதுகிறவர் 28 நாள் மாதத்தை விலக்க வேண்டுமானால் ‘காலண்டர்’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தார். அதாவது, பிப்ரவரிக்கு 28, ஏப்ரலுக்கு 30, ஜூலைக்கு 31 என்று காலண்டர் காட்டும் நீளத்தின்படி எண்ணு, நிலவுக் கணக்கில் எண்ணாதே என்பதே அதன் பொருள். மாதம் ஒன்றாம் தேதியில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டளை அந்தச் சொல்லுக்குள் இல்லை. ஒரு காலண்டர் மாதம் 18-ஆம் தேதியிலும் தொடங்கலாம், 7-ஆம் தேதியிலும் தொடங்கலாம். உங்கள் உரிமையாளர் சறுக்கிய இடம் இதுதான். ‘காலண்டர்’ என்றதும் காலண்டரின் ஒரு தாள், அதன் மேல் முனையிலிருந்து கீழ் முனை வரை, என்று எடுத்துக்கொண்டுவிட்டார். உங்கள் ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவில் ‘காலண்டர்’ என்ற சொல்லே இல்லை என்பது வேறு. இருந்திருந்தாலும் விடை மாறாது.

ஆனால் அவர் வேண்டுமென்றே திரிக்கிறார் என்று நான் நினைக்கவில்லை. இன்றைய ஆங்கிலத்தில் ‘காலண்டர் மன்த்’ என்பதற்கு அவர் சொல்லும் பொருளும் உண்டு. சம்பளம், மின்கட்டணம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் ‘ஜூன் மாதத்துக்கு’ என்றால் ஜூன் 1 முதல் 30 வரைதான். அதைவிட முக்கியம், உங்கள் ஒப்பந்தத்திலேயே வாடகைப் பிரிவு ஒன்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். நம் ஊர் வாடகை ஒப்பந்தங்களில் ‘ஆங்கில மாதக் கணக்குப்படி ஒவ்வொரு மாத வாடகையையும் 5-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும்’ என்ற பொருளில் ஒரு வரி பெரும்பாலும் தவறாமல் வரும். அந்த வரியில் மாதம் என்பது பெயர் உள்ள ஒரு துண்டு: ஜூன், ஜூலை. நோட்டீஸ் பிரிவில் மாதம் என்பது ஒரு நீளம்: இங்கிருந்து அங்கு வரை. நாழி என்பது அரிசி அளக்கும் பாத்திரத்துக்கும் பெயர், அதில் அளந்த அரிசிக்கும் பெயர் என்பது போல, ஒரே சொல் ஒரே ஒப்பந்தத்தில் இரண்டு வேலை செய்கிறது. வாடகைப் பிரிவின் மாதத்தை எடுத்து நோட்டீஸ் பிரிவில் வைத்துவிட்டதால் உங்கள் உரிமையாளரின் கணக்கு 13 நாள் நீண்டுவிட்டது.

இதில் அவருக்குத் துணை நிற்கும் ஒரு பழைய வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 106-ஆம் பிரிவு, ஒப்பந்தம் எதுவும் இல்லாத மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ் போதும் என்கிறது. 2002-ஆம் ஆண்டின் இறுதி வரை, அந்த நோட்டீஸ் வாடகை மாதத்தின் முடிவோடு சேர்ந்து முடிய வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. மாத நடுவில் முடியும்படி நோட்டீஸ் கொடுத்ததால் தோற்ற வழக்குகள் ஏராளம். திருத்தத்தில் அந்த நிபந்தனை எடுக்கப்பட்டுவிட்டது. நோட்டீஸ் கையில் கிடைத்த நாளிலிருந்து காலம் ஓடும் என்பதே இப்போதைய சட்டம். பழைய வீட்டுக்காரர்களும், அவர்களுக்கு அந்த நாளில் யோசனை சொன்னவர்களும் முன்னைய வழக்கத்தையே இன்னும் பேசிவருவது இயல்பு. உங்களுக்கோ எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. அதனால் அதன் வாசகமே முதலில் நிற்கும். 106-ஆம் பிரிவு அதன் பின்னால்தான்.

இப்போது இந்தியச் சட்டம் ‘மன்த்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் வைத்திருக்கிறது என்று பார்ப்போம். 1897-ஆம் ஆண்டின் பொதுக் கூறுகள் சட்டத்தில், மத்திய சட்டங்களில் வரும் மாதமும் ஆண்டும் ‘பிரிட்டிஷ் காலண்டர்’படி எண்ணப்படும் என்று இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு இது ஏதோ தனிக் காலண்டர் என்று மயங்க வேண்டாம். இங்கிலாந்து 1752 செப்டம்பரில், 2-ஆம் தேதிக்கு மறுநாளை 14-ஆம் தேதி என்று வைத்துக்கொண்டு ஏற்றுக்கொண்ட கிரிகோரியன் காலண்டர்தான் அது. அந்தச் சட்டம் நேரடியாகப் பேசுவது சட்டங்களில் வரும் சொல்லைப் பற்றி. தனியார் எழுதிக்கொள்ளும் பத்திரங்களைப் பொறுத்தவரை, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 24-ஆம் பிரிவு, அந்தச் சட்டத்தின் நோக்கங்களுக்கு எல்லாப் பத்திரங்களும் கிரிகோரியன் காலண்டரை வைத்தே எழுதப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது. வேறு விதமாக எழுதாத ஒப்பந்தங்களில் மாதம் என்றால் காலண்டர் மாதம் என்பதே நீதிமன்றங்களின் வழக்கமான வாசிப்பு.

அடுத்தது எண்ணும் முறை. நோட்டீஸ் கொடுத்த நாளைத் தள்ளிவிட வேண்டும். மே 18 கணக்கில் இல்லை. மே 19 முதல் நாள். மாதத்தில் சொல்லப்பட்ட கெடு, முடிகிற மாதத்தில் அதே எண்ணுள்ள தேதியில் முடியும். 18-இல் கொடுத்தால் ஜூன் 18-இல் ஒரு மாதம், ஜூலை 18-இல் இரண்டு மாதம். நடுவில் உள்ள மாதங்களுக்கு 30 நாளா, 31 நாளா என்று பார்க்கத் தேவையே இல்லை. விரல் விட்டு நாள் எண்ணாமல், தேதியை அப்படியே வைத்துக்கொண்டு மாதத்தின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு போனால் போதும்.

மாதக் கடைசியில்தான் இந்த முறை சற்றுத் தடுமாற்றம் தரும். இங்கிலாந்தில் வணிக இடம் ஒன்றின் வாடகைதாரர் இதில் ஒரே ஒரு நாளால் தோற்றார். டாட்ஸ் எதிர் வாக்கர் என்ற அந்த வழக்கில் உரிமையாளர் 1978 செப்டம்பர் 30 அன்று நோட்டீஸ் கொடுத்தார்; வாடகைதாரர் நான்கு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். செப்டம்பரின் கடைசி நாளில் கொடுத்த நோட்டீஸ் ஜனவரியின் கடைசி நாளில்தானே முடியும் என்று எண்ணி அவர் 1979 ஜனவரி 31 அன்று மனுச் செய்தார். நம்மில் பலரும் அப்படித்தான் எண்ணுவோம். அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1981-இல் அதை ஏற்கவில்லை. 30-இல் தொடங்கினால் 30-இல் முடியும், கடைசி நாள் என்பதற்குத் தனி மதிப்பு கிடையாது, ஆகவே ஜனவரி 30-ஆம் தேதியோடு கெடு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டது.

முடிகிற மாதத்தில் அந்தத் தேதியே இல்லாவிட்டால் என்ன செய்வது? நம் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம் 23-ஆம் பிரிவு புரோநோட்டுக்கும் உண்டியலுக்கும் இதைத் தெளிவாகச் சொல்கிறது: அந்த மாதத்தின் கடைசி நாளில் முடியும். சட்டத்திலேயே எடுத்துக்காட்டும் தந்திருக்கிறார்கள். 1878 ஆகஸ்ட் 30 தேதியிட்ட சீட்டும், ஆகஸ்ட் 31 தேதியிட்ட சீட்டும், மூன்று மாதத்தில் செலுத்த வேண்டியவையாக இருந்தால், இரண்டும் டிசம்பர் 3 அன்றுதான் முதிர்கின்றன. நவம்பருக்கு 31 இல்லை என்பதால் இரண்டும் நவம்பர் 30-க்கு வந்து சேர்ந்து, அதன்மேல் பணம் செலுத்தச் சட்டம் தரும் சலுகை நாள் மூன்று கூடுகிறது. தொடக்கம் ஒரு நாள் வேறுபட்டும் முடிவு ஒன்றாகிவிடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இப்படி ஒரு விதியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு வழக்கு வரும்.

உங்கள் கணவரின் முப்பது நாள் கணக்குக்கு வருகிறேன். கடைக்காரர் வட்டி போடும்போதும், சிறு நிறுவனத்தில் நாள் சம்பளம் பிரிக்கும்போதும் மாதத்தை முப்பதாக வைத்துக்கொள்வது வசதியான நடைமுறை. ஆனால் எழுத்தில் ‘மன்த்’ என்று இருக்கும் இடத்தில் முப்பது நாள் என்று மாற்றிப் படிக்க ஒருவருக்கும் உரிமையில்லை. ஏனென்றால், எழுதுகிறவர் நாளைக் குறிப்பிட விரும்பினால் நாள் என்றே எழுதுவார். மேலே சொன்ன அதே மாற்றுமுறை ஆவணங்கள் சட்டத்தில், காசோலை பணமின்றித் திரும்பும் வழக்குகளுக்கான 138, 142-ஆம் பிரிவுகளைப் பாருங்கள். காசோலை திரும்பிய செய்தி தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும். ஒரே நடைமுறைக்குள் நாளும் வருகிறது, மாதமும் வருகிறது. இரண்டும் ஒன்றானால் இரண்டு சொல் எதற்கு?

இந்த ஒரு நாள் வித்தியாசம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. சாகேத் இந்தியா என்ற நிறுவனம் தொடர்பான வழக்கில், புகார் செய்யும் உரிமை 1995 அக்டோபர் 15 அன்று பிறந்தது. புகார் நவம்பர் 15 அன்று தாக்கலானது. உரிமை பிறந்த நாளையும் சேர்த்து எண்ணினால் நவம்பர் 14-ஆம் தேதியே கெடு முடிந்திருக்கும். முப்பது நாள் என்று வைத்து எண்ணினாலும் அப்படியே. 1999-இல் உச்ச நீதிமன்றம் முதல் நாளைத் தள்ளி, நவம்பர் 15 கெடுவுக்குள்தான் வருகிறது என்று தீர்ப்பளித்தது. 2013-இல் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனுச் செய்ய மூன்று மாதம், காரணம் காட்டினால் மேலும் 30 நாள் என்று சொல்லும் சட்டப் பிரிவைப் பற்றிய 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் நேரடியாகவே பேசுகிறது: மூன்று மாதம் என்பது 90 நாள் அல்ல. அந்த வழக்கில் 2007 நவம்பர் 12-இல் தொடங்கிய மூன்று மாதம் 2008 பிப்ரவரி 12-இல்தான் முடிந்தது. நாள்களாக எண்ணிப் பார்த்தால் அது 92 நாள்.

உங்கள் கணவரின் கணக்கு உங்கள் வழக்கில் ஒரு நாள்தான் பிசகுகிறது. மே 19-ஐ முதல் நாளாக வைத்தால் 60-ஆவது நாள் ஜூலை 17, இரண்டு மாதம் முடிவது ஜூலை 18, அதாவது 61 நாள். ரூபாயில் 500-தான். ஆனால் இதே கணக்கை ஒருவர் காசோலைப் புகாரில் போட்டால், சமயத்துக்கேற்ப ஒரு நாள் முன்னதாக ஓட வேண்டி வரும். பிப்ரவரி நடுவில் வந்தால் இரண்டு நாள் தாமதமாகி வழக்கையே இழக்கவும் நேரும். அதனால்தான் சிறு தொகை என்று விடாமல் எழுதுகிறேன்.

நீங்கள் ஜூலை 16 அன்றே வெளியேறியது உங்கள் குடும்ப வழக்கத்துக்காக. அது மதிக்க வேண்டியது. ஆடியில் பால் காய்ச்சிக் குடிபோகும் வீட்டை நானும் எங்கள் பக்கத்தில் அதிகம் பார்த்ததில்லை. ஆயினும் நோட்டீஸ் காலம் என்பது நீங்கள் உரிமையாளருக்குத் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்ட அவகாசம். அதற்கு முன்பே சாவியைக் கொடுத்துவிட்டதால் அந்த அவகாசத்தின் வாடகை குறைந்துவிடாது. ஆகவே 17, 18 ஆகிய இரண்டு நாளுக்கான 1,000 ரூபாயை நீங்கள் தருவதுதான் முறை. சாவியை வாங்கும்போது உரிமையாளர் ‘இன்றோடு கணக்கு முடிந்தது’ என்று எழுதிக் கொடுத்திருந்தாலோ, அந்த இரண்டு நாளுக்குள்ளேயே வேறொருவரைக் குடிவைத்து வாடகை வாங்கியிருந்தாலோ மட்டும் அதைப் பற்றிப் பேசலாம். ஆடி பிறந்த மறுநாளே வேறு குடித்தனம் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி, ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நோட்டீஸ் பிரிவை மட்டும் மெதுவாகப் படியுங்கள். மூன்று இடங்களில் கண்ணை வையுங்கள். முதலாவது, ‘எக்ஸ்பைரிங் வித் த எண்ட் ஆஃப்’ என்று தொடங்கும் தொடர் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டீஸ் வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிய வேண்டும் என்ற பொருளில் அப்படி ஏதேனும் இருந்தால், உரிமையாளர் சொல்லும் ஜூலை 31 சரியாகிவிடும், நான் மேலே சொன்ன 6,500 ரூபாய் உங்களுக்கு வராது. அடுத்து, மாதத்துக்கு முன் ‘கிளியர்’ என்ற சொல். நாளுக்கு முன்னாலோ மாதத்துக்கு முன்னாலோ அது நின்றால் முதல் நாள், முடிவு நாள் இரண்டையும் விட்டு, நடுவில் முழுதாக அந்தக் காலம் கிடைக்க வேண்டும் என்று பொருள். அப்போது நீங்கள் ஜூலை 19 அன்றுதான் வெளியேறலாம், கணக்கில் ஒரு நாள் கூடும். மூன்றாவதாக, நோட்டீஸ் எந்த நாளிலிருந்து ஓடும் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிராவிட்டாலும் உங்களுக்குக் கவலையில்லை. உரிமையாளர் மே 18 என்று தம் கையாலேயே தேதி போட்டுக் கையெழுத்திட்ட நகல் உங்களிடம் இருக்கிறது. அதை எங்கேயும் கொடுத்துவிடாதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள்.

மூன்றிலும் தடை இல்லாவிட்டால் உரிமையாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றம் சாட்டும் நடை வேண்டாம். அவர் சொல்வது அவருக்கு உண்மையாகவே நியாயமாகப் படுகிறது என்பதை மனத்தில் வைத்து எழுதுங்கள். இப்படி எழுதலாம்: ‘ஐயா, ஒப்பந்தத்தின் நோட்டீஸ் பிரிவில் இரண்டு மாதம் என்று மட்டுமே இருக்கிறது. வாடகைப் பிரிவில் உள்ள ஆங்கில மாதக் கணக்கு வாடகை செலுத்தும் தவணைக்கு உரியது. தாங்கள் 18-5-2025 அன்று பெற்றுக்கொண்ட நோட்டீஸ் 18-7-2025 அன்று முடிந்தது. அந்நாள் வரையிலான 18 நாள் வாடகை 9,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, அட்வான்ஸில் பிடித்த மீதி 6,500 ரூபாயைத் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வாடகையை நீங்களாகவே ஒப்புக்கொண்டு எழுதியிருப்பதைப் பார்த்தால் அவரும் இறங்கி வர வாய்ப்பு அதிகம். வராவிட்டால், 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டின் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி வாடகை அதிகாரியை அணுகலாம். உங்கள் ஒப்பந்தம் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே எடுத்த எடுப்பில் கேட்பது அதைத்தான்.

புது வீட்டுக்கும் இந்நேரம் ஒப்பந்தம் எழுதியிருப்பீர்கள், அல்லது எழுதப்போகிறீர்கள். பதினோரு மாதம் என்ற கால அளவில் ஒருவரும் சண்டை போடுவதில்லை. ஏனென்றால் அங்கே 1-12-2024 முதல் 31-10-2025 வரை என்று இரண்டு தேதியையும் எழுதிவிடுகிறோம். நோட்டீஸ் பிரிவிலும் அதையே செய்யச் சொல்லுங்கள். ‘இரண்டு மாதம்’ என்று எழுதிய பிறகு, ‘எடுத்துக்காட்டாக, 10-ஆம் தேதி கொடுத்த நோட்டீஸ் அதற்கு அடுத்த இரண்டாவது மாதத்தின் 10-ஆம் தேதி முடிவடையும்; அந்நாள் வரையில் மட்டும் நாள் கணக்கில் வாடகை செலுத்தப்படும்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். டைப் செய்கிறவர் வழக்கமான படிவத்தில் இது இல்லை என்பார். இருக்கட்டும், கையால் எழுதி இரு தரப்பும் ஓரத்தில் கையெழுத்திட்டாலும் செல்லும்.